பின் ஹப் வேலைக்கு சீல் மட்டும் போதாது

போன தடவை விடைத்தாள் திருத்துவதைப் பற்றிப் புலம்பியிருந்தேன். இந்தத் தடவை கொஞ்சம் கிரீஸ் பிசுக்கு. பழைய ஜீப்பின் பின்பக்க ஆக்சில் ஹப் பற்றி. "இதைப் பற்றியெல்லாம் ஒருத்தன் கட்டுரை எழுதுவானா?" என்று கடைசி பெஞ்சில் சிலர் சிரிப்பது கேட்கிறது. சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் :-)

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஜீப்பில் பின் ஹப்பைக் கழற்றினால் இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும், அளந்து பார்க்க வேண்டும், அளந்தே பூட்ட வேண்டும். "ஆயில் கசியுதா, ஒரு சீல் போட்டு அனுப்பு" என்பது பாதி வேலை. மலைச்சாலையில் பாதி வேலை என்பது பாதி ஆபத்து இல்லை, முழு ஆபத்து. அந்தப் பாதி வேலைக்குப் பட்டறைக்காரரை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமில்லை. அதைக் கேட்டு வாங்குவது வண்டிக்காரர்தான்.

இனி காரணங்கள். நிறைய இருக்கிறது, ஒரு டீ எடுத்துக்கொள்ளுங்கள்.

யார் போகிற வண்டி இது?

ஜீப் என்றதும் நம் பசங்களுக்கு ஞாபகம் வருவது பெரிய டயர், மேலே நாலு விளக்கு, சேற்றில் தூக்கியடிக்கிற வீடியோ. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் தேனி மாவட்டம். போடி, கம்பம், தேவாரம் பக்கம் விடிகாலையில் நின்று பாருங்கள். ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகிற பெண்கள் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலை தாண்டி இடுக்கிப் பக்கம் போவார்கள். சாயந்திரம் அதே வண்டியில் இறங்குவார்கள். கொழுக்குமலைக்குச் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்களும் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில்தான் ஏற வேண்டும். கார் போகிற பாதை இல்லை அது.

இந்த வண்டிகளின் பூர்வீகம் தெரியுமா? இரண்டாம் உலகப் போரில் ஓடிய அமெரிக்க வில்லீஸ் ஜீப். 1945-ல் 'மகிந்திரா அண்ட் முகமது' என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம், பங்குதாரர் குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனபின், 1948-ல் மகிந்திரா அண்ட் மகிந்திரா ஆனது. 1940களின் கடைசியில் வில்லீஸ் ஜீப்பைப் பாகம் பாகமாக வரவழைத்து பம்பாயில் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு 'சிஜே 3பி' என்ற மாடலை இங்கேயே செய்தார்கள். அமெரிக்காவில் அந்த மாடல் 1968-ல் நின்றுவிட்டது. நம் ஊரில் அதன் பேரன் பேத்திகள் பல பத்தாண்டுகள் வந்துகொண்டே இருந்தார்கள். முகம் மாறியது, எஞ்சின் டீசல் ஆனது. பின் ஆக்சிலின் அடிப்படை அமைப்பு மட்டும் பெரும்பாலும் அந்தக் காலத்து அமைப்பாகவே நீடித்தது.

அதனால் இன்றைக்கு நீங்கள் ஏறுகிற பழைய ஜீப்பில் 1950களின் யோசனை ஒன்று உங்கள் எடையைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால் அதைப் புரிந்துகொண்டு பராமரிக்க வேண்டும்.

ஹப் எப்படி உட்கார்ந்திருக்கிறது?

பின் ஆக்சில் இரண்டு சாதி. ஒன்று ஃபுல் ஃப்ளோட்டிங். இன்னொன்று செமி ஃப்ளோட்டிங்.

ஃபுல் ஃப்ளோட்டிங்கில், வண்டியின் எடையை ஆக்சில் ஹவுசிங்கின் நுனியே தாங்குகிறது. அதன்மேல் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், அவற்றின்மேல் ஹப். உள்ளே ஓடும் ஷாப்ட்டுக்கு ஒரே வேலைதான்: சக்கரத்தைச் சுற்றுவது. ஷாப்ட் முறிந்தாலும் சக்கரம் இடத்தை விட்டுப் போகாது. லாரிகளில் இதுதான். போர்க்கால வில்லீஸ் ஜீப்பிலும் இதுதான் இருந்தது. பழைய லேண்ட் ரோவர் சீரிஸ் வண்டிகளிலும் இதுதான்.

செமி ஃப்ளோட்டிங்கில் ஷாப்ட்டுக்கு இரட்டை வேலை. சக்கரத்தையும் சுற்ற வேண்டும், எடையையும் தாங்க வேண்டும். வில்லீஸ் வழிவந்த நம் பழைய ஜீப்புகள் பெரும்பாலானவை இந்தச் சாதி. ஷாப்ட்டின் உள்நுனி கிரவுனுக்குள் பல்லில் மாட்டியிருக்கும். வெளிநுனி கூம்பு மாதிரி சரிந்திருக்கும், அதைத்தான் டேப்பர் என்கிறோம். அந்த டேப்பரில் ஒரு கீ. அதன்மேல் ஹப்பைத் தள்ளி, கேஸில் நட் போட்டு இறுக்கி, ஸ்பிளிட் பின் குத்துவார்கள். ஹப்புக்கு உட்புறம் ஒரு டேப்பர் ரோலர் பேரிங், ஒரு பக்கத்துக்கு ஒன்றே ஒன்றுதான்.

இதில் ஷாப்ட் பேரிங்குக்கு வெளியே முறிந்தால் சக்கரம் டிரம்மோடு கழன்று உருண்டுபோகும். டிரம் போனால் அந்தப் பக்கம் பிரேக்கும் போயிற்று. கொண்டை ஊசி வளைவில் இது நடந்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

கசிவு ஒரு அறிகுறி

டிரம்முக்கு உள்ளேயிருந்து எண்ணெய் வழிந்து டயரின் உட்புறம் கறுப்பாக இருக்கிறது. உடனே எல்லோரும் சொல்வது: "சீல் போச்சு". சரி, சீல் போயிருக்கலாம். ஏன் போயிற்று? யாரும் கேட்பதில்லை. நான் பார்த்தவரை, கேட்டவரை காரணங்கள் இவை:

ஒன்று, ஆக்சில் ஹவுசிங்கின் மேலே ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கிறது, ப்ரீதர். சேறு அடைத்துக்கொண்டால் ஓடும்போது உள்ளே சூடாகும் காற்றுக்கு வெளியேற வழியில்லை. அது கியர் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். புது சீல் போட்டாலும் மறுபடி தள்ளும். ஐந்து நிமிடத்தில் சுத்தம் செய்கிற ஒரு துளைக்காக வருஷத்துக்கு மூன்று சீல் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு, ஷாப்ட் உள்ளும் வெளியும் அளவுக்கு மேல் ஆடுவது. பேரிங் தேய்ந்தால் ஷாப்ட் ஆடும், ஷாப்ட் ஆடினால் சீலின் உதடு தேயும். இங்கே சீல் குற்றவாளி இல்லை, சாட்சி.

மூன்று, சீல் உரசுகிற இடத்தில் ஷாப்ட்டிலோ ஹப்பிலோ ஒரு பள்ளக்கோடு விழுந்திருப்பது. நகத்தால் தடவினாலே தெரியும். அந்தக் கோட்டின்மேல் புது சீல் உட்கார்ந்தாலும் கசியும். மெல்லிய ஸ்லீவ் ஒன்றை ஏற்றினால் சரியாகும், இல்லாவிட்டால் பாகத்தை மாற்ற வேண்டும்.

நான்கு, கிரவுனில் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றுவது, அல்லது பேரிங்கில் கிரீஸை அளவுக்கு மேல் திணிப்பது. "நிறைய போட்டா நிறைய நாள் வரும்" என்ற நம்பிக்கை. அதிகப்படியான கிரீஸ் போய்ச் சேருகிற இடம் பிரேக் லைனர்.

லைனர் என்றதும் இன்னொன்று. எண்ணெய் ஊறிய லைனரைப் பெட்ரோலில் கழுவி, தீ காட்டிக் காயவைத்து, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி போடுவது நம் ஊர் வழக்கம். லைனர் எண்ணெயை உறிஞ்சி வைத்திருக்கும். மேலே காய்ந்த மாதிரி இருக்கும். இறக்கத்தில் சூடானதும் கக்கும். ஒரு பக்கம் பிடிக்கும், மறுபக்கம் வழுக்கும், வண்டி இழுக்கும். ஊறின லைனரை மாற்றத்தான் வேண்டும், இரண்டு பக்கமும் சேர்த்து. கூடவே ஒரு எச்சரிக்கை: பழைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மில் சேர்ந்த தூசியைக் கம்ப்ரசர் காற்றால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். பட்டறையில் அந்தத் தூசியை அதிகம் சுவாசிப்பது அங்கே வேலை பழகும் சின்னப் பையன்தான்.

கழற்றுவதிலேயே பாதி விஷயம்

டேப்பரில் வருஷக்கணக்காக இறுகிய ஹப் கையால் இழுத்தால் வராது. அதற்கென்று புல்லர் இருக்கிறது. புல்லரை மாட்டி இறுக்கினால், சில சமயம் அசையாமல் நின்றிருந்து திடீரென்று வெடித்த மாதிரி சத்தத்தோடு விடும். அதனால் நட்டை முழுதாகக் கழற்றாமல் நாலைந்து சுற்று அப்படியே விட்டுவைப்பது நல்ல பழக்கம். ஹப் பறந்து காலில் விழாது.

புல்லர் இல்லாத இடத்தில் என்ன செய்வார்கள்? ஷாப்ட் நுனியில் சம்மட்டியால் அடிப்பார்கள். மரை நசுங்கும் என்பது கண்ணுக்குத் தெரிகிற சேதம். தெரியாத சேதம் உள்ளே: அந்த அடி ஷாப்ட் வழியாகக் கிரவுன் வரை போகும். டிரம்மின் விளிம்பில் அடித்தால் பேரிங்கின் கப்பில் ரோலர்கள் பதிந்து தழும்பு விழும். ஒவ்வொரு சுற்றுக்கும் அந்தத் தழும்பில் ரோலர் இடறும். இன்னும் சிலர் கேஸ் வைத்து ஹப்பைச் சூடாக்குவார்கள். கிரீஸும் சீலும் அங்கேயே போச்சு. சூடு அதிகமானால் இரும்பின் பதமும் போகும்.

கழற்றியபின் செய்ய வேண்டிய ஒன்றை யாரும் செய்வதில்லை. கீ உட்காரும் பள்ளத்தின் மூலை இருக்கிறதே, அங்கேதான் விரிசல் பிறக்கும். கூர்மையான மூலையில் ஸ்ட்ரெஸ் குவியும் என்று மூன்றாம் செமஸ்டரிலிருந்து மனப்பாடம் செய்கிறோமே, அதேதான். மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தால் தெரியாத விரிசலைக் காட்ட, சிவப்புச் சாயம் தடவிப் பார்க்கும் டை பெனட்ரன்ட் சோதனை இருக்கிறது. மூன்று ஸ்பிரே டப்பா, அரை மணி நேரம். முறியப்போகிற ஷாப்ட் முன்கூட்டியே கடிதம் போடுகிற மாதிரி.

பூட்டும்போது அளவு

இங்கேதான் என் முக்கியமான வாதம்.

இந்த ஆக்சிலில் ஷாப்ட் உள்ளும் வெளியும் ஒரு நூலிழை ஆடியே ஆக வேண்டும். இதை எண்ட் ப்ளே என்பார்கள். சுத்தமாக ஆடாமல் இறுக்கினால் பேரிங் சூடாகிக் கடித்துக்கொள்ளும். அதிகம் ஆடினால் பேரிங் அடிவாங்கும், சீல் தேயும். எவ்வளவு ஆடலாம்? ஒரு உதாரணம்: 1976-லிருந்து 1980களின் நடுப்பகுதி வரை அமெரிக்காவின் சிஜே ஜீப்புகளில் வந்த 'ஏஎம்சி 20' என்ற பின் ஆக்சிலுக்கு 0.004 முதல் 0.008 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர். லேண்ட் ரோவர் சீரிஸ் 3-ன் ஹப்புக்கு 0.10 முதல் 0.15 மில்லிமீட்டர். நாம் பரீட்சை எழுதுகிற தாளின் கனம் ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர். ஒரு தாளுக்கும் இரண்டு தாளுக்கும் உள்ள வித்தியாசத்தில் பேரிங்கின் தலையெழுத்து இருக்கிறது. உங்கள் வண்டிக்கு உரிய எண் அந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். ஒரு மாடலின் எண்ணை இன்னொன்றுக்குப் போடக் கூடாது.

இதைச் சரிசெய்ய பேக் பிளேட்டுக்கும் ஹவுசிங்குக்கும் இடையே மெல்லிய தகடுகள், ஷிம்கள், வைப்பார்கள். இப்போது வேடிக்கை என்னவென்றால், இடது ஷாப்ட்டும் வலது ஷாப்ட்டும் தனித்தனி ஆட்கள் இல்லை. கிரவுனுக்கு நடுவே இரண்டின் உள்நுனிகளுக்கும் இடையில் த்ரஸ்ட் பிளாக் என்று ஒரு கட்டை இருக்கிறது. வளைவில் இடது சக்கரம் உள்நோக்கித் தள்ளினால், அந்தத் தள்ளு இடது ஷாப்ட், கட்டை, வலது ஷாப்ட் என்று போய் வலதுபக்க பேரிங்கில் இறங்கும். இடது சக்கரத்தின் சுமையை வலது பேரிங் தாங்குகிறது!

இதைப் புரிந்துகொண்டால் "ஒரு பக்கம் மட்டும் பாரு" என்ற பேச்சே எழாது. இடதில் ஷிம்மை எடுத்தால் வலதிலும் ஆட்டம் மாறும். ஒரே பக்கம் ஷிம்மைக் குறைத்துக்கொண்டே போனால் நடுக்கட்டை நடுவில் இருக்காது. அதனால் இரண்டு பக்கமும் சமமாக ஷிம் வைத்து, காந்தம் ஒட்டிய டயல் கேஜை ஷாப்ட் நுனியில் வைத்து, இழுத்துத் தள்ளி அளக்க வேண்டும். புது பேரிங் போட்டால் கப்பும் கோனும் சேர்த்து மாற்ற வேண்டும். பழைய கப்பில் புது கோன் போட்டு மிச்சப்படுத்துவது, பழைய செருப்பில் ஒன்றை மட்டும் புதிதாக வாங்குவது போலத்தான்.

அடுத்து டேப்பர். ஹப்பை ஷாப்ட்டில் பிடித்துவைத்திருப்பது கீ என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் சுற்றுவிசையைப் பெரும்பாலும் கடத்துவது டேப்பரின் உராய்வுப் பிடிப்பு. கீ அதற்குத் துணை. அதனால் டேப்பரில் கிரீஸ், பெயின்ட், துரு எதுவும் இருக்கக் கூடாது, உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும். நீலச்சாயம் லேசாகத் தடவி ஹப்பை ஏற்றி இறக்கிப் பார்த்தால் எங்கே ஒட்டுகிறது, எங்கே ஒட்டவில்லை என்று தெரியும். சாயத்தைத் துடைத்துவிட்டு ஏற்ற வேண்டும். பிடிப்பு போன ஹப் என்றால், கியர் போட்டு நகரும்போதும் ரிவர்ஸ் எடுக்கும்போதும் 'கடக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கீ வெட்டுப்படும் சத்தம்.

நான் சொன்ன ஏஎம்சி 20-ல் கீயோடு, ஷாப்ட்டின் பற்களே ஹப்பின் உட்புறத்தில் பள்ளம் வெட்டிப் பிடிக்கிற அமைப்பு. நட்டை 250 அடி பவுண்டு வரை இறுக்கச் சொல்கிறார்கள். அப்படியும் ஷாப்ட்டின்மேல் ஹப் வழுக்கிச் சுற்றுவதற்குப் பேர்போன ஆக்சில் அது. அதனால் அந்த ஊர் ஆட்கள் ஹப்பும் ஷாப்ட்டும் ஒரே துண்டாக இருக்கும் ஷாப்ட்டை வாங்கி மாற்றிக்கொள்வது வழக்கம். 250 அடி பவுண்டு என்றால் ஒரு அடி நீளக் கம்பியின் நுனியில் 113 கிலோ தொங்குவது. சின்ன ஸ்பானரில் "நல்லா டைட்டா இருக்குண்ணே" என்று சொல்கிற பையனின் கைக்கு எட்டாத எண்.

கடைசியாக ஸ்பிளிட் பின். ஓட்டை நேராக வரவில்லை என்றால் நட்டைக் கொஞ்சம் தளர்த்திப் போடுவது சுலபம். அது தப்பு. அடுத்த பள்ளம் வரும்வரை இறுக்கித்தான் போட வேண்டும். கொஞ்ச நாள் ஓடியபின் மறுபடி இறுக்கம் பார்க்க வேண்டும்.

ஹேண்ட் பிரேக் விஷயம், தயவுசெய்து படியுங்கள்

வில்லீஸ் வழிவந்த பழைய ஜீப்புகள் பலவற்றில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ப்ரொபெல்லர் ஷாப்ட்டில் இருக்கிறது. கிரவுன் என்ன செய்யும்? ஒரு சக்கரம் தரையை விட்டுத் தூக்கியிருந்தால், ப்ரொபெல்லர் ஷாப்ட் நின்றிருந்தாலும் அந்தச் சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் மறுபக்கம் உருளும். நாலு வீலும் போட்டிருந்தால் ஒழிய, ஹேண்ட் பிரேக் போட்ட வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி உருளலாம். ஒரு பக்க ஷாப்ட் முறிந்தாலும், கீ வெட்டுப்பட்டாலும் இதே கதை. ஹேண்ட் பிரேக் என்று ஒன்று இருந்தும் இல்லாத மாதிரி. அதனால் பின் ஹப்பைத் தொடுவதற்கு முன் முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு போடுங்கள்.

"முப்பது வருஷ அனுபவம் தம்பி"

இப்போது எதிர்த்தரப்பு. லீவில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் உட்கார்ந்து வேலை பார்ப்பது என் பழக்கம். அங்கே ஒரு பெரிய மெக்கானிக்கிடம் டயல் கேஜ் பற்றிக் கேட்டேன். சிரித்தார்.

"தம்பி, சக்கரத்தைப் பிடிச்சு இழுத்தா எனக்கு ஆட்டம் கையிலேயே தெரியும். முப்பது வருஷமா இந்தக் கைதான் கேஜ்."

அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. அவர் கை என் கையை விட ஆயிரம் மடங்கு நம்பகமானது. பேரிங்கைச் சுற்றிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, "இது போலி, டப்பாவைப் பார்த்து ஏமாந்துட்டீங்க" என்று அவர் சொன்னதையும் பார்த்திருக்கிறேன். போலி பேரிங் என்பது கற்பனை இல்லை. எஸ்கேஎஃப் நிறுவனம் தன் பேரிங் அசலா போலியா என்று சரிபார்க்க மொபைலில் தனியாக ஒரு செயலியே வைத்திருக்கிறது.

ஆனாலும் நான் அவரோடு முழுசாக உடன்படவில்லை. கை என்ன சொல்லும்? "ஆடுகிறது", "ஆடவில்லை", "கொஞ்சம் அதிகம்". ஒரு தாளா இரண்டு தாளா என்று கை சொல்லாது. அதைவிட முக்கியம், அந்தக் கை அவரோடு போய்விடும். அவரிடம் வேலை பழகும் பையனுக்கு அவர் கையைக் கொடுத்துவிட்டுப் போக முடியாது, எண்ணைக் கொடுத்துவிட்டுப் போகலாம். அளவு என்பது அனுபவத்துக்கு எதிரி இல்லை. அனுபவத்தை அடுத்த ஆளுக்குக் கைமாற்றுகிற வழி.

இதை நான் சொன்னபோது அவர் ஒன்று கேட்டார். "கேஜ் வாங்கி, ரெண்டு பக்கமும் கழட்டி, அளந்து பூட்ட எனக்கு ஒரு முழு நாள் ஆகும். அந்த நாள் கூலியை யார் தருவா? சீல் காசு போக மேலே நூறு ரூபாய் கேட்டாலே அடுத்த பட்டறைக்குப் போயிருவாங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அவர் சொல்வது சரி. கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது. டயருக்கும் விளக்குக்கும் பாட்டுப் பெட்டிக்கும் பத்தாயிரக்கணக்கில் கொடுக்கிறவர்கள் ஹப்புக்கு ஒரு நாள் கூலி கொடுக்க யோசிக்கிறார்கள். இதில் சிலர் அகல டயர் போட்டு, ஸ்பேசர் வைத்துச் சக்கரத்தை வெளியே தள்ளுகிறார்கள். சக்கரம் வெளியே போகப் போக, ஷாப்ட்டை வளைக்கும் விசை கூடும். அதாவது ஹப்பைக் கவனிக்கவும் மாட்டேன், அதன் சுமையையும் கூட்டுவேன்.

தோட்டத்து டிரிப் ஜீப்காரரின் நிலைமை வேறு. டிரிப் நின்றால் அன்றைய வருமானம் இல்லை. அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் ஒரு கணக்கைச் சொல்லலாம். ரோலர் பேரிங்கின் ஆயுள், சுமையின் 10/3 அடுக்கில் குறையும். சுமை ஒன்றரை மடங்கானால் ஆயுள் ஏறத்தாழ கால்வாசி. இரண்டு மடங்கானால் பத்தில் ஒன்று. எட்டுப் பேர் ஏறும் வண்டியில் பதினாறு பேரை ஏற்றினால் வண்டியின் சொந்த எடையும் சேர்வதால் சுமை அப்படியே இரட்டிக்காது, ஆனால் பின் ஆக்சிலில் கணிசமாக ஏறும். இரண்டாவது டிரிப்பை மிச்சப்படுத்தியதாக நினைக்கிற பணம் பேரிங்கில் கரைகிறது. பேரிங்கோடு நின்றால் பரவாயில்லை. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் அன்றாடக் கூலிக்குப் போகிற அம்மாக்கள். எந்த ஷாப்ட் எப்போது சோதிக்கப்பட்டது என்று கேட்கிற நிலையில் அவர்கள் இல்லை. அவர்களுக்காக யாராவது கேட்க வேண்டும்.

நம்ம காலேஜ் கதை

மேலே சொன்ன 10/3 எனக்கு எங்கிருந்து வந்தது? பிஎஸ்ஜி டிசைன் டேட்டா புத்தகம். மெக்கானிக்கல் பசங்களின் பைபிள், கீதை, குரான் எல்லாம் அதுதான். அதைத் திறந்து வைத்துக்கொண்டு பேரிங் தேர்வு செய்து பதினாறு மார்க் வாங்குகிறோம். நம் வகுப்பில் எத்தனை பேர் ஒரு டேப்பர் ரோலர் பேரிங்கைக் கையில் எடுத்து கிரீஸ் அடைத்திருக்கிறோம்? கை தூக்குங்கள் பார்க்கலாம்.

பட்டறையில் கை இருக்கிறது, எண் இல்லை. நம்மிடம் எண் இருக்கிறது, கை இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு மதில் சுவர். என் யோசனை சின்னது: ஒவ்வொரு மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் லேபிலும் உடைக்கப் போகிற வண்டியிலிருந்து ஒரு பின் ஆக்சில் வாங்கிப் போடுங்கள். டயல் கேஜ் ஏற்கெனவே மெட்ராலஜி லேபில் தூங்குகிறது. ஒவ்வொரு பேட்சும் ஹப்பைக் கழற்றி, ஷிம் மாற்றி, எண்ட் ப்ளே அளந்து, பூட்டிக் கொடுக்க வேண்டும். ஒரு நாள் உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், கெஸ்ட் லெக்சர் என்று மரியாதையாகப் பணமும் கொடுங்கள். போகும்போது அவர் கையில் ஒரு டயல் கேஜைக் கொடுத்து அனுப்புங்கள். பொன்னாடையை விட உபயோகம் :-)

வயசு ஒரு அளவா?

கடைசி விஷயம். 2021-ல் மத்திய அரசு பழைய வாகனங்களைக் கழிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தது. அரசுக்குச் சொந்தமான வண்டிகளுக்கு 15 வருஷத்துக்கு மேல் பதிவைப் புதுப்பிப்பதில்லை என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் வந்தது. தனியார் வண்டிகளுக்குத் தகுதிச் சோதனையில் தேறினால் புதுப்பிக்கலாம்.

புகைக்கு வயசு ஒரு காரணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாதுகாப்புக்கு வயசு நல்ல அளவுகோல் இல்லை. முறையாக அளந்து பூட்டிய நாற்பது வருஷ ஹப், ஸ்பேசர் வைத்துக் கவனிப்பாரற்ற பத்து வருஷ ஹப்பை விட நம்பகமானது. சோதனையில் பார்க்க வேண்டியது சக்கரத்தைத் தூக்கி ஆட்டம் இருக்கிறதா, டிரம்மில் கசிவு இருக்கிறதா, இரண்டு பக்கமும் பிரேக் சமமாகப் பிடிக்கிறதா என்பது. வண்டியின் பிறந்த தேதி இதில் எதையும் சொல்லாது. பழைய ஜீப்பை நேசிக்கிறவர்கள் "எங்கள் வண்டியை விட்டுவிடுங்கள்" என்று கேட்டால் மட்டும் போதாது. "எங்கள் வண்டியை அளந்து பாருங்கள்" என்று சொல்லும் நிலையில் வண்டியை வைத்திருக்க வேண்டும். உரிமை கேட்பதற்கு அதுதான் தகுதி.

வண்டி வைத்திருப்பவர்கள் அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது நான்கே கேள்வி கேளுங்கள். ப்ரீதர் பார்த்தீர்களா? இரண்டு பக்கமும் கழற்றினீர்களா? எண்ட் ப்ளே எவ்வளவு வந்தது? நட்டை எவ்வளவுக்கு இறுக்கினீர்கள்? நான்குக்கும் பதில் வந்தால், கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்துவிட்டு வாருங்கள். மேலே ஒரு டீயும் வாங்கிக் கொடுக்கலாம்.

அடுத்த முறை வேறு தலைப்பில் சந்திப்போம். கிரீஸ் இல்லாத தலைப்பாக இருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.